கராத்தே வகுப்பில் மாஸ்டர் ஒரு பிள்ளையிடம் தவறாக நடந்தால், பள்ளிக்கும் கராத்தே சங்கத்துக்கும் பொறுப்பு உண்டா?

உண்டு. ஆனால் முதலில் போகவேண்டிய இடம் சங்கம் இல்லை, காவல் நிலையம்.

என் மகள் கராத்தே கற்கிறாள், அதனால் இந்த உலகம் கொஞ்சம் தெரியும். வகுப்பு நடத்துவது, பெல்ட் டெஸ்ட் வைப்பது, போட்டிக்கு யார் போவது என்று முடிவு செய்வது எல்லாம் மாஸ்டர்தான். சங்கத்தில் பொறுப்பில் இருப்பவரும் பெரும்பாலும் அவரேதான், இல்லாவிட்டால் அவருடைய மாஸ்டர். போதாக்குறைக்கு, இடுப்பையும் காலையும் தொட்டு நிலையைத் திருத்துவது இந்தக் கலையில் சகஜம். தொட்டது எதற்காக என்பது பிள்ளைக்கே முதலில் குழப்பமாக இருக்கும். புரிந்த பிறகும், அவர் முன்னால் குனிந்தே பழகிய பிள்ளை அவரைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்லும்?

சங்கத்தை நம்பி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. மார்க் கிட்டெல்மன் என்பவர், கராத்தே போன்ற கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவின் பயிற்சியாளர், போட்டிகளுக்கு அழைத்துப்போன பதின்ம வயதுப் பெண்களைச் சீரழித்தார். 2013-இல் தேசிய அமைப்பான யு.எஸ்.ஏ. டேக்வாண்டோவுக்குப் புகார் போனது. தற்காலிக நீக்கம் என்றார்கள். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் போட்டிகளில் அவர் பயிற்சியாளராக வர விட்டார்கள் என்பது அந்தப் பெண்கள் தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டு. 2015-இல் அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது, நீதிமன்றத்தின் வழியாக.

'நாங்கள் என்ன செய்ய முடியும்' என்ற அமைப்பின் வாதமும் நிற்கவில்லை. எங்கள் உறுப்பினராகச் சேர்ந்து, நாங்கள் பதிவு செய்த பயிற்சியாளரிடம் கற்றால்தான் போட்டியிடலாம் என்று விதி வைத்துவிட்டு, அந்தப் பயிற்சியாளர் விஷயத்தில் கைகழுவ முடியாது என்று கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2021-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆனால் அதற்கும் மேலே இருந்த அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி தப்பித்துக்கொண்டது. எனக்கு அது இன்னும் உறுத்தல்தான்.

நம் ஊரில், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் இன்னும் நேரடியானது. குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருந்தால் அதுவே குற்றம், ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை. "அவர் வெளி ஆள், ஹாலை வாடகைக்கு விட்டோம், அவ்வளவுதான்" என்று சொல்லும் தலைமை ஆசிரியரும் விஷயம் தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியாது. பெற்றோர்களைக் கூப்பிட்டு "மாஸ்டரை அனுப்பிவிட்டோம், பெண் பிள்ளை விஷயம், பெரிதாக்க வேண்டாம்" என்று பேசி முடிப்பார்களே, அதுவும் இதில்தான் வரும். அனுப்பப்பட்டவர் அடுத்த தெருவில் போர்டு மாட்டுவார், வேறென்ன? பெண் பிள்ளை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம், ஆண் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான்.

பெயர் வெளியே வந்துவிடும் என்ற பயம் நியாயமானது. ஆனால் பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடச் சட்டத்தில் தடை இருக்கிறது. வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம், முடிந்தவரை பெண் அதிகாரி வர வேண்டும், அதுவும் சீருடை இல்லாமல். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.

அப்புறம், புதிதாகச் சேர்க்கப் போகிறவர்களுக்கு. 2020 போக்சோ விதிகள் விளையாட்டு அகாடமிகளையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன: அங்கே வேலை செய்யும் எல்லாரையும் அவ்வப்போது போலீஸ் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும். அந்தச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். மாஸ்டருக்கு முகம் சுருங்கினால் சுருங்கட்டும். வெளியூர்ப் போட்டி என்றால் எந்த அறையில் யார் தங்குகிறார்கள், கூட வரும் பெற்றோர் யார் என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். கிட்டெல்மன் வழக்கில் பல குற்றங்கள் நடந்தது போட்டிக்குப் போன இடத்து ஓட்டல் அறைகளில்தான்.