மலை ஊர்களில் கூட்டு ஆய்வு: சொல்பவர் ஊர்க்காரர் என்றால் முடிவும் அவருடையதே

சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி, தளி வட்டாரத்தில் காடு, கிழங்கு, விதை பற்றி ஆய்வு செய்பவர்களும் அந்த ஊர்க்காரர்களும் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள்.

சித்தேரியில் காட்டுக்கிழங்கு பற்றி ஆய்வு செய்யப் போகிறேன். ஊராட்சித் தலைவர் கையெழுத்து போதுமா? (ஆய்வு மாணவி, தர்மபுரி)

போதாதும்மா. ஒரு ஊராட்சிக்குள் பல ஊர்கள் இருக்கும். எந்த ஊர்க் காட்டுக்குள் போகிறீர்களோ அந்த ஊரைக் கூட்டிக் கேளுங்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் விதிப்படி கிராம சபைக்குக் குறைந்தது பாதி உறுப்பினர்கள் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். உங்கள் கூட்டத்துக்கும் அதே அளவை வையுங்கள். பகலில் கூட்டினால் வேலைக்குப் போனவர்கள், முக்கியமாகப் பெண்கள், விடுபடுவார்கள். பொழுது சாய்ந்த பிறகு கூட்டுங்கள்.

முதல் தடவை போகும்போது சம்மதப் படிவத்தை எடுத்துப் போகாதீர்கள். பணம் யார் தருகிறார்கள், பதிவுகள் யாரிடம் இருக்கும், என்ன அச்சாகும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு வாரமாவது அவர்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். ஆய்வுக் கேள்வியையே மாற்றச் சொன்னால் மாற்றத் தயாராகப் போங்கள். கேள்வியை நீங்களே முடிவுசெய்துவிட்டு ஆள் மட்டும் கேட்டால் அதைக் கூட்டு ஆய்வு என்று சொல்லக் கூடாது.

சரணாலயத்துக்குள் ஆய்வு என்றால் 1972 வன உயிரினச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியும் வேண்டும். அது இல்லாமல் போனால் உங்களுக்கு வழிகாட்ட வந்த ஊர்க்காரரும் வழக்கில் மாட்டுவார்.

கிழங்கு நிறைய இருக்கிறது என்கிறார்கள் பெரியவர்கள். எங்கள் கணக்கெடுப்பில் ஒன்றும் வரவில்லை. எதை எழுதுவது? (பேராசிரியர், கிருஷ்ணகிரி)

எந்த மாதத்தில் எண்ணினீர்கள்? காட்டு வள்ளி வகைகளின் கொடி வறட்சியில் காய்ந்து விழுந்துவிடும். மாசி, பங்குனியில் பத்துக்குப் பத்து மீட்டர் கட்டம் போட்டுப் பச்சைக் கொடியைத் தேடினால் பூஜ்யம்தான் வரும். தோண்டுகிறவர்கள் காய்ந்த தண்டைப் பிடித்துக்கொண்டே மண்ணுக்குள் போவார்கள். கிழங்கை எடுத்த பிறகு கொடி முளைக்கும் தலைப்பகுதியைக் குழியிலேயே விட்டு மண்ணைத் தள்ளி மூடுவார்கள். அடுத்த மழைக்கு அது துளிர்க்கும். அப்படி மூடிய குழியைச் 'சேதம்' என்று எழுதிய படிவங்களும் உண்டு.

மழைக்காலத்தில் அதே கட்டங்களை அவர்களோடு நடந்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் முரண்பட்டால் இரண்டையும் அருகருகே அச்சிடுங்கள். அவர்கள் சொன்னதைப் பரிசோதிப்பது போலவே உங்கள் முறையையும் பரிசோதித்தீர்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.

தேனடை, மூலிகை இருக்கும் இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறிக்கிறார்கள். விடலாமா? (இளைஞர், அஞ்செட்டி)

குறிக்கலாம் தம்பி, ஆனால் இடத்தைக் காட்டும் மூல எண்கள் (அட்சரேகை, தீர்க்கரேகை) ஊரிடம் இருக்கட்டும். அந்த எண்ணில் புள்ளிக்குப் பின் நான்கு தசம இடம் என்றால் சுமார் 11 மீட்டருக்குள் ஆள் வந்து நிற்பான். அச்சில் இரண்டு தசமத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள், சுமார் 1 கிலோமீட்டராகிவிடும். செல்போன் கேமராவில் இருப்பிடப் பதிவை அணைக்கச் சொல்லுங்கள். படம் போகும்போது இடமும் கூடவே போய்விடும்.

ஊரின் உயிரினங்களையும் அவை பற்றிய அறிவையும் பதியும் பல்லுயிர்ப் பதிவேட்டில் எல்லா மருந்தையும் எழுதச் சொல்கிறார்கள். (வார்டு உறுப்பினர், அரூர்)

எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. செடியின் பெயரும் அது வளரும் சூழலும் போதும். எந்தப் பகுதி, என்ன அளவு, எதோடு சேர்ப்பது என்பதை வைத்தியர் சம்மதித்தால் மட்டும், வெளியே காட்டாத பகுதியில் எழுதுங்கள். 2023இல் திருத்திய பல்லுயிர்ச் சட்டம் நூலில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்தும் இந்தியர்களுக்குப் பலன் பகிர்விலிருந்து, அதாவது வரும் பலனில் அறிவுக்கு உரியவர்களுக்குப் பங்கு தருவதிலிருந்து, விலக்கு தருகிறது. அதனால் வாய்வழி அறிவை எழுத்தாக்கும் முன் நிதானம் வேண்டும். வன உரிமைச் சட்டத்தின் 3(1)(கே) பிரிவு மரபறிவின் மீது சமூகத்துக்கு உரிமை தருகிறது. தீர்மானத்தில் அதைக் குறிப்பிடுங்கள்.

பணம் வந்தால் பங்கு எப்படி? (தொண்டு நிறுவனப் பணியாளர், தளி)

கேரளத்துக் காணிக்காரர் பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சை மூலிகையிலிருந்து 'ஜீவனி' மருந்து வந்தது. உரிமக் கட்டணம் 10 லட்சம், விற்பனையில் 2 சதவீதம், அதில் பாதி காணிகளுக்கு. உரிமம் கொடுத்தது 1995இல், பணத்தை வாங்கக் காணிகளின் அறக்கட்டளை உருவானது 1997இல். ஒப்பந்தம் பேசும்போது அவர்கள் மேசையில் இல்லை. நீங்கள் வங்கிக் கணக்கு, பொறுப்பாளர்கள், பங்கு எல்லாவற்றையும் களவேலைக்கு முன்பே முடிவுசெய்யுங்கள். வழிகாட்டுபவரின் அன்றாடக் கூலி தனி, அதைப் பங்கில் கழிக்கக் கூடாது.

பாதியில் ஊர் வேண்டாம் என்றால்? (அதே மாணவி)

நிறுத்த வேண்டியதுதான். அச்சுக்குப் போகும் முன் எந்தத் தேதி வரை திரும்பப் பெறலாம் என்று தொடக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். ஒலிப்பதிவுகளின் பிரதியை ஊரில் கொடுத்துவிட்டு உங்களிடம் உள்ளதை அழித்துவிடுங்கள். ஒருவர் மட்டும் விலகினால் அவர் சொன்னதை மட்டும் எடுத்தால் போதும்.