நட்சத்திரம் போடாமல் எழுதுங்கள்

கேள்வி: ஜனவரி மாதம் பார்த்த படங்களை எல்லாம் ஒரு டைரியில் எழுதி வந்தேன். 31 நாளில் 41 படங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விமர்சனமும், ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். நேரம் போதாததால் சில படங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விட்டேன். இந்து நகர் பிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவும் சில நாள் கூட உட்கார்ந்து பார்த்தார். டைரியின் நகலை அனுப்பியிருக்கிறேன். தொடரலாமா? பிப்ரவரியில் 50 படத்தைத் தாண்ட ஆசை.
- ஒரு வாசகர், கேத்தி

பதில்: தொடருங்கள். 50 மட்டும் வேண்டாம்.

டைரியை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தேன். ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருக்கிறீர்கள். பலருக்கு இந்த உற்சாகம் பொங்கலுக்கு முன்பே வடிந்துவிடும். நீலகிரியின் உறைபனி மாதத்தில், விரல் விறைக்கிற ராத்திரியில் பேனா பிடித்து எழுதியதற்கு முதலில் என் பாராட்டு. ஆனால் படித்து முடித்த பிறகும் இதை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. ‘திரைக்கதையில் தொய்வு’, ‘இரண்டாம் பாதி இழுவை’, ‘பின்னணி இசை பிரமாதம்’. 9-ஆம் தேதி எழுதிய வரியை 22-ஆம் தேதிப் படத்துக்கு வைத்துப் பார்த்தேன். பொருந்துகிறது. எந்தப் படத்துக்கும் பொருந்துகிற வரியை எழுத ராத்திரி கண் விழிக்கத் தேவையில்லை.

17-ஆம் தேதிக்கு வருகிறேன். ‘மூன்றாம் பிறை. கிளைமாக்ஸ் கண்ணீர். கமல் உச்சம். 4.5’ என்று எழுதியிருக்கிறீர்கள். கமலுக்குச் சிறந்த நடிகர், பாலு மகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவாளர் என்று இரண்டு தேசிய விருதுகள் வாங்கிய படம் அது. உச்சம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஐயா, அந்தக் கிளைமாக்ஸ் எடுத்தது உங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷனில்! பழைய நினைவு திரும்பிய விஜிக்கு (ஸ்ரீதேவி) தன்னை ஞாபகப்படுத்துவதற்காகச் சீனு (கமல்) குரங்காட்டம் ஆடியதும், அவனை யாரென்றே தெரியாமல் அவளை ஏற்றிக்கொண்டு ரயில் கிளம்பியதும் கேத்தி பிளாட்பாரத்தில்தான். படம் வந்தது 1982-இல். தினமும் அந்த ஸ்டேஷன் பக்கம் நடக்கிற ஒருவர் இதைப் பார்த்துவிட்டு ‘கண்ணீர்’ என்று ஒற்றைச் சொல் எழுதினால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சென்னையில் இருக்கிறவர் எழுத முடியாத ஒரு பக்கம் உங்களிடம் இருந்தது. அந்த மழைக்கு நம் ஊர் மழையின் நிறம் இருக்கிறதா? சீனு விழுந்து எழுந்து ஓடுகிற இடம் இன்று எப்படி இருக்கிறது? குன்னூர் பக்கமிருந்து ரயில் வரும்போது முதலில் சத்தம் கேட்குமா, புகை தெரியுமா? இதையெல்லாம் யார் எழுதுவார்கள்?

அடுத்தது உங்கள் அப்பா. கேள்வியில் அவரைப் பற்றி ஒரு வாக்கியம் இருக்கிறது. டைரியின் 41 பக்கத்திலும் தேடினேன், அவர் இல்லை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன். அவர் வேலை பார்த்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-இல் உற்பத்தி தொடங்கி, கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்-ரே பிலிமும் ‘இந்து’ என்ற பெயரில் தயாரித்த தொழிற்சாலை. பிலிமில் ஒளியுணரும் பூச்சு ஏற்றுவது வெளிச்சம் படக்கூடாத வேலை. மற்றவர்கள் வெளிச்சத்தில் பார்ப்பதற்காக இருட்டுக்குள் வேலை நடந்த இடம் அது. அங்கிருந்து வந்த மனிதர் உங்கள் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, போன் திரையில் படம் பார்த்திருக்கிறார். எந்தக் காட்சியில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்? எதைப் பார்த்து எழுந்து போனார்? பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று ஓடும்போது ஏதாவது சொன்னாரா? அதை எழுதாமல் ‘ஒளிப்பதிவு அருமை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவைக் கேட்டிருந்தால் அருமை என்பதற்கு அர்த்தம் சொல்லியிருப்பார். இன்றைக்கே கேளுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

ஒன்றரை மடங்கு வேகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சினிமா வினாடிக்கு 24 பிரேம் என்ற கணக்கில் ஓடுகிறது. ஒரு முகத்தை எத்தனை வினாடி காட்டுவது என்பதை இயக்குநரும் எடிட்டரும் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். அந்த முடிவை மாற்றிப் பார்த்த படங்களைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பிடிக்காத படத்தைப் பாதியில் நிறுத்துவது எவ்வளவோ மேல். எந்த இடத்தில், ஏன் நிறுத்தினேன் என்று எழுதுங்கள், அது நல்ல குறிப்பு. படத்துக்கு இரண்டரை மணி நேரம் என்று வைத்தாலும் 41 படத்துக்கு நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதில் எழுதுவதற்கு எவ்வளவு நேரம் கொடுத்தீர்கள்? ஒரு வரிக்கு ஒரு நிமிடம் இருக்குமா?

டைரி என்றதும் எனக்கு ஆனந்தரங்கப் பிள்ளை நினைவுக்கு வருவார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரியில் 1736-இல் நாட்குறிப்பு தொடங்கி 1761 வரை எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், கவர்னர் என்ன முகத்தோடு பேசினார் என்று கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்தார். எதற்கும் மதிப்பெண் போடவில்லை. அதனால்தான் இன்றைக்கும் அதில் நுழைந்து நடக்க முடிகிறது.

நானும் ஒரு நோட்டு வைத்திருந்தேன், குன்னூரில் இருந்த காலத்தில். நாற்பது பக்க நோட்டு, டிக்கெட்டின் கிழிந்த பாதியைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருப்பேன். அதில் ஒரு பக்கம்: ‘ஐப்பசி மழை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் அரை மணி நேரம் வசனமே கேட்கவில்லை. அம்மா வேடத்தில் வந்தவர் கண்ணாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.’ படத்தின் கதை எனக்கு இப்போது மறந்துவிட்டது. அந்த அம்மாவின் கண் மறக்கவில்லை. அன்று நான் மூன்று நட்சத்திரம் போட்டு மூடியிருந்தால் இதுவும் போயிருக்கும்.

உங்கள் டைரியில் எனக்கு மிகவும் பிடித்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 24-ஆம் தேதி ‘குணா’, 25-ஆம் தேதி ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’. தெரிந்துதான் அடுத்தடுத்துப் பார்த்தீர்களா? 1991-இல் வந்த முதல் படம், கொடைக்கானலின் டெவில்ஸ் கிச்சனைக் காதலுக்குக் கோயிலாக்கியது. அதற்குக் குணா குகை என்ற பெயரே வந்தது. 2006-இல் கேரளத்து நண்பர்களில் ஒருவர் அங்கே விழுந்து, கூட வந்தவர்களால் மீட்கப்பட்ட உண்மைச் சம்பவத்தை வைத்து 2024-இல் இரண்டாவது படம் வந்தது. முதல் படத்துப் பாட்டு இரண்டாவதில் வேறொரு அர்த்தத்தோடு ஒலிக்கிறது. 24-ஆம் தேதி கேட்ட பாட்டை 25-ஆம் தேதி கேட்டபோது உங்களுக்குள் என்ன ஆயிற்று? இரண்டு நாள் பக்கம் பக்கமாக இருப்பதால் டைரியில் மட்டும்தான் இதை எழுத முடியும். நீங்கள் எழுதியது: ‘செம’, ‘செமயோ செம’.

சரி, பிப்ரவரிக்கு வருவோம். எட்டுப் படம் போதும். யார் கூட, எங்கே, எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்று முதல் வரி. அப்புறம் கண்ணை மூடினால் வருகிற ஒரே ஒரு காட்சி, அதை நீங்கள் பார்த்தபடி. மற்றவர்கள் எழுதியதைப் படிப்பதற்கு முன்பே இதை எழுதி முடித்துவிடுங்கள். நட்சத்திரம் வேண்டாம்.

அந்த எட்டில் மூன்றாம் பிறையும் இருக்கட்டும், அப்பாவோடு, சரியான வேகத்தில். மறுநாள் காலை பனி விலகுவதற்குள் இருவரும் கேத்தி ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு வாருங்கள். அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், எவ்வளவு நீளமாக இருந்தாலும் அடுத்த இதழில் இடம் வைக்கிறேன்.