போரால் வந்தவர்களுக்கு ஐரோப்பாவில் தற்காலிகப் பாதுகாப்பு: கேள்வி பதில்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001/55 ஆணை (தற்காலிகப் பாதுகாப்புச் சட்டம்), அதன்கீழ் உக்ரைனிலிருந்து வந்தவர்களுக்குக் கிடைக்கும் அனுமதி, இந்த இரண்டையும் பற்றிக் கேளுங்கள். முன்கூட்டியே ஒரு வேண்டுகோள்: யாருக்கு உதவி செய்தாலும், ஒரே ஆளை இரண்டு நாட்டில் பதியவிடாதீர்கள்.

சத்யா, மதுரை: இது அகதி அந்தஸ்துதானே? பெயர் மட்டும் வேறா?

இல்லை. அகதி அந்தஸ்துக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாக விண்ணப்பித்து, நேர்காணலில் தன் கதையைச் சொல்லி, தன் உயிருக்கு என்ன ஆபத்து என்று காட்ட வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும், சில வேளை வருடங்களும் ஆகும். தற்காலிகப் பாதுகாப்பில் விசாரணையே கிடையாது. இன்ன நாட்டிலிருந்து, இன்ன தேதிக்குப் பிறகு வந்த இன்னார் என்று ஒன்றியத்தின் அமைச்சர் மன்றம் முடிவெடுக்கும். அந்த வரையறைக்குள் வருகிறோம் என்று காட்டினால் போதும். வதிவிட அனுமதி, வேலை செய்யும் உரிமை, தங்குமிடம், மருத்துவம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் அதோடு வரும்.

தொண்ணூறுகளில் பொஸ்னியா, கொசோவோ போர்களிலிருந்து மக்கள் கூட்டமாக வந்தபோது ஐரோப்பா பட்ட பாட்டுக்குப் பிறகு 2001 ஜூலையில் எழுதிய சட்டம் இது. இருபது வருடம் யாரும் தொடவில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா படையெடுத்தது. மார்ச் 4 அன்று முதல்முறையாக நடைமுறைக்கு வந்தது.

தஞ்சம் கேட்கும் உரிமை இதனால் போய்விடாது, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் இரண்டு அந்தஸ்தையும் ஒரே நேரத்தில் வைத்திருக்க நாடுகள் விடாமல் இருக்கலாம். அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.

கார்த்திக், திருச்சி: தம்பி கார்கிவில் மருத்துவம் படித்தான். 2022இல் போலந்து வழியாக வெளியே வந்தான். அவனுக்கு ஏன் இது கிடைக்கவில்லை?

மாணவர் அனுமதி நிரந்தரமானது அல்ல என்பதால். வரையறைக்குள் வருபவர்கள் மூன்று வகை. முதலாவது, பிப்ரவரி 24க்கு முன் உக்ரைனில் வாழ்ந்த உக்ரைன் குடிமக்கள். இரண்டாவது, உக்ரைனில் அகதி அந்தஸ்தோ அதற்குச் சமமான பாதுகாப்போ பெற்றிருந்த பிற நாட்டவரும் நாடற்றவரும். மூன்றாவது, இந்த இரு வகையினரின் குடும்பத்தார். உக்ரைனில் நிரந்தர அனுமதி வைத்திருந்த பிற நாட்டவர், சொந்த நாட்டுக்குப் பத்திரமாகத் திரும்ப முடியாது என்றால் மட்டும் இதையோ உள்நாட்டுச் சட்டப்படி போதுமான பாதுகாப்பையோ பெறலாம். இந்தியாவுக்குத் திரும்ப முடியும் என்பதால் தம்பி எதிலும் வரவில்லை. எல்லை தாண்ட விட்டார்கள், விமானம் ஏற நாள் கொடுத்தார்கள், அவ்வளவே.

நெதர்லாந்து போன்ற சில நாடுகள் தாமாக முன்வந்து, உக்ரைனில் தற்காலிக வதிவிட அனுமதி மட்டும் வைத்திருந்த பிற நாட்டவரையும் சேர்த்தன, பிறகு விலக்கின. அப்படி விலக்கலாம் என்று ஒன்றிய நீதிமன்றம் 2024 டிசம்பரில் சொன்னது. ஆனால் அந்தப் பாதுகாப்பு முடியும்முன்பே நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு போடக்கூடாது என்றும் சொன்னது.

பிரியா, பெர்லின்: உக்ரைன் குடும்பங்களுக்கு மொழிபெயர்க்கப் போகிறேன். ஒரு அக்காவின் அட்டையில் 2024 மார்ச் 4 என்று இருக்கிறது. வீட்டு உரிமையாளர் அது காலாவதி என்கிறார்.

காலாவதி இல்லை. ஜெர்மனியில் குடியிருப்புச் சட்டம் 24ஆம் பிரிவின்கீழ் கொடுத்த அட்டைகளைப் புதிதாக அச்சடிக்காமல், அரசாணையால் மொத்தமாக நீட்டினார்கள்: முதலில் 2025 மார்ச் 4, பிறகு 2026, இப்போது 2027 மார்ச் 4. 2024 பிப்ரவரி 1 அன்று செல்லுபடியாக இருந்த அட்டை என்றால் அதில் அச்சிட்ட பழைய தேதியைப் பார்க்க வேண்டாம். அந்த அரசாணையை அச்செடுத்து அட்டையோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். வீட்டு உரிமையாளர், முதலாளி, வங்கி மூவரிடமும் காட்ட வேண்டி வரும். வங்கி சாக்குச் சொன்னால் விடாதீர்கள். ஒன்றியத்தில் சட்டப்படி வசிப்பவருக்கு அடிப்படைக் கணக்கு திறக்கும் உரிமை 2016 முதல் இருக்கிறது.

பிரியா, பெர்லின்: அந்த அக்காவின் அம்மா போலந்தில் பதிந்திருக்கிறார். இங்கே கூட்டி வரலாமா?

வரலாம், ஆனால் வரிசை முக்கியம். போலந்தில் பெசெல் என்ற அடையாள எண்ணோடு உக்ரைன்காரர் என்ற குறியும் இருக்கும். அந்தக் குறிதான் பாதுகாப்பு. 30 நாளுக்கு மேல் போலந்தைவிட்டு வெளியே இருந்தால் எண் இருக்கும், குறி போய்விடும். ஜெர்மனியில் அனுமதி கிடைத்தால் போலந்தில் முடிந்துவிடும் என்று அம்மாவுக்குப் புரிய வையுங்கள். முதலில் அங்கே பதிவை எழுத்தில் விலக்கிக்கொண்டு, அந்தக் காகிதத்தோடு வரச் சொல்லுங்கள். நாடுகள் பதிவுகளை ஒப்பிட 2022இலேயே பொதுத் தளம் அமைத்துவிட்டார்கள். இரட்டைப் பதிவு தெரிந்தால் முதலில் நிற்பது உதவித்தொகை.

வேறொரு நாட்டில் விண்ணப்பம் போட்டிருந்தும் அங்கே அனுமதி கிடைக்கவில்லை என்றால், அந்தக் காரணத்தைக் காட்டி அவருடைய புதிய விண்ணப்பத்தை நிராகரிக்கக்கூடாது. செக் நாட்டு வழக்கில் 2025 பிப்ரவரியில் ஒன்றிய நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இது. கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நவீன், கோவை: எனக்கு ஒரு உக்ரைன் தோழி. இப்போது திருமணம் செய்தால் எனக்கும் கிடைக்குமா?

கிடைக்காது. குடும்பம் பிப்ரவரி 24க்கு முன்பே உக்ரைனில் இருந்திருக்க வேண்டும்.

அன்வர், பாரிஸ்: சிரியாக்காரர்கள் 2015இல் வந்தபோது இந்தச் சட்டம் எங்கே போனது? வெள்ளைத் தோலுக்கு மட்டும் எழுதிய சட்டம் இல்லையா இது?

சட்டத்தின் எழுத்தில் அப்படி எதுவும் இல்லை. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் முன்மொழிய வேண்டும், அமைச்சர் மன்றத்தில் தகுதிப் பெரும்பான்மை (நாடுகளின் எண்ணிக்கை, மக்கள்தொகை இரண்டிலும் பெரும்பான்மை) ஒத்துக்கொள்ள வேண்டும். 2011இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து படகுகள் வந்தபோது இத்தாலியும் மால்ட்டாவும் கேட்டன, கிடைக்கவில்லை. 2015இல் முன்மொழிவே வரவில்லை.

அன்வர்: அதைத்தான் சொல்கிறேன். மனம் இருந்தால் எட்டு நாளில் முடிகிறது.

நீங்கள் சொல்வதில் பெரும்பகுதியை ஒத்துக்கொள்கிறேன். எழுத்து சமம், நடைமுறை சமம் இல்லை, அது அநியாயம்தான். ஒரு நடைமுறை வேறுபாட்டையும் பாருங்கள். உக்ரைன்காரர்கள் 2017 முதல் விசா இல்லாமல் 90 நாள் வந்து தங்கலாம். அதனால் தாமாகவே நாடு நாடாகப் பிரிந்து போனார்கள், யாரை எங்கே அனுப்புவது என்ற சண்டையே எழவில்லை. சிரியாக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை, பெரும்பாலோர் கடல் தாண்டி கிரேக்கக் கரையில்தான் வந்து இறங்கினார்கள்.

மேகலா, ஓஸ்லோ: அண்ணா, அப்போ ஈழத்திலிருந்து எண்பதுகளில் வந்த எங்கடை ஆக்கள்? ஜெர்மனியிலை வருடக்கணக்கா 'டுல்டுங்' காகிதத்தோடையே இருந்தவை.

அப்போது இந்தச் சட்டமே கிடையாது, அக்கா. 'டுல்டுங்' என்றால் உன்னை இப்போதைக்கு வெளியேற்றவில்லை என்று மட்டும்தான் பொருள். ஏறத்தாழ 3,45,000 பொஸ்னியர்களும் ஜெர்மனியில் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தார்கள். பொஸ்னியப் போரை முடித்த 1995 டேட்டன் ஒப்பந்தத்துக்குப் பிறகு பெரும்பாலோர் திரும்பிப் போக வேண்டி வந்தது. பாதுகாப்பு என்ற பெயர் இல்லாத காகிதம் எவ்வளவு நோகடிக்கும் என்று அதில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். 2001 சட்டம் உரிமைகளைப் பட்டியல் போட்டது அதனால்தான். 2020இல் இதை நீக்கிவிட ஆணையமே முன்மொழிந்தது. உக்ரைனுக்குப் பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டார்கள்.

ரஞ்சித், சென்னை: என் மகனும் உக்ரைனில் மருத்துவ மாணவன்...

கார்த்திக்குக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். அதே விதி.

ஷர்மிளா, சூரிச்: சுவிஸ் எஸ் அனுமதியும் இதுதானா?

இல்லை. ஒன்றியத்தில் சேராத சுவிஸ் தன் சட்டத்தின்படி 2022 மார்ச்சில் உக்ரைன்காரர்களுக்குக் கொடுத்த பாதுகாப்பு அனுமதி அது. 2025 நவம்பர் முதல் புதிதாகக் கேட்பவர் உக்ரைனின் எந்த மாகாணத்திலிருந்து வருகிறார் என்று பார்க்கிறார்கள். எல்விவ் உட்பட மேற்கில் ஏழு மாகாணங்கள் திரும்பிப் போகத்தக்கவை என்று கணக்கு. இந்த அனுமதிக்காரர்கள் உக்ரைனுக்குப் போய்வர அரையாண்டுக்கு 15 நாள்தான்.

விக்னேஷ், லண்டன்: இங்கே?

பிரிட்டன் ஒன்றியத்துக்கு வெளியே. அங்கே தனித் திட்டங்கள், உள்துறை அலுவலகப் பக்கத்தைப் பாருங்கள். டென்மார்க்கும் இதில் சேரவில்லை, தனிச்சட்டம்.

ஜெனிட்டா, பிராக்: 2027 மார்ச் 4 வரைதானே ஒன்றியம் இந்தப் பாதுகாப்பை நீட்டியிருக்கிறது, அதற்குப் பிறகு என்ன?

இன்று வந்த கேள்விகளில் முக்கியமானது இது. இந்த அனுமதியில் கழிந்த வருடங்கள் ஒன்றியத்தின் நீண்டகால வதிவிடத்துக்குக் கணக்கில் வராது. நான்கு வருடம் இருந்தவரும் அந்தக் கணக்கில் முதல் நாளில்தான் நிற்கிறார். கடைசி வாரம் வரை காத்திராமல் வேலை, படிப்பு, தொழில் ஏதாவது ஒன்றின் அடிப்படையில் உள்நாட்டு அனுமதிக்கு மாறப் பாருங்கள். 2025 செப்டம்பரில் ஒன்றியமும் நாடுகளுக்கு இதையே பரிந்துரைத்தது. உங்கள் செக் நாட்டில் அதற்கென ஐந்து வருட விசேஷ அனுமதி உண்டு, ஆண்டு வருமானம் 4,40,000 கொருனா தேவை.

மாறும்போது பெரும்பாலும் செல்லுபடியான கடவுச்சீட்டு கேட்பார்கள். 23 முதல் 60 வயது ஆண்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். 2024 மே முதல் ராணுவப் பதிவுக் காகிதம் இல்லாமல் உக்ரைன் தூதரகத்தில் புதிய கடவுச்சீட்டு கிடைக்காது. இப்போதே தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜெனிட்டா: ஒரு பாட்டியிடம் உக்ரைனின் பழைய உள்நாட்டுக் கடவுச்சீட்டுப் புத்தகம் (நாட்டுக்குள் அடையாள அட்டையாகப் பயன்படுவது) மட்டும்தான் இருக்கிறது. ஏற்பார்களா?

குடியுரிமைக்கு அதுவும் சான்றுதான். முதலில் படங்களைப் பாருங்கள்: 25 வயதிலும் 45 வயதிலும் புதிய படம் ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் செல்லாது என்பார்கள். பிறகு பின்பக்கங்களைப் புரட்டி முகவரி முத்திரையைத் தேடுங்கள். கடைசியாகப் பதிந்த ஊரும் தேதியும் அதில்தான் இருக்கும், பிப்ரவரி 24க்கு முன் உக்ரைனில் வசித்தார் என்பதற்கு அதுவே சான்று. அந்தப் பக்கத்தையும் சேர்த்து நகலெடுங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.