வாசகர் கேள்வி – பதில்: எந்தப் பிரச்சினைக்கு எந்தக் கந்தோர்?

சம்பளம், ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி), வேலைநீக்கம் பற்றி வந்த கடிதங்களே இம்முறை அதிகம். ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கிப் பதில் தருகிறோம்.

மட்டக்களப்பு நகர் வாசகர்: தமிழ்நாட்டில் மாநிலத்துக்கென ஒரு தொழிலாளர் ஆணையர் இருக்கிறார். அமெரிக்காவில் அந்தப் பதவிக்குத் தேர்தலே நடக்கிறதாம். கிழக்கு மாகாணத்துக்கு அப்படி யார்?

யாருமில்லை. இலங்கையில் தொழில் திணைக்களம் மத்திய அரசினுடையது. மாகாண சபையிலோ ஆளுநர் அலுவலகத்திலோ மனுக் கொடுத்தால், அது கடைசியில் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குத்தான் வந்து சேரும். இடையில் சில கிழமை வீணாகும். தலைமைப் பொறுப்பில் இருப்பவர் தொழில் ஆணையாளர் நாயகம். அவருடைய தலைமையகம் கொழும்பு நாராஹேன்பிட்டியில் உள்ள ‘மெஹெவர பியச’ கட்டடத்தில் இருக்கிறது. மாவட்டத்தில் அவர் அதிகாரத்தோடு வேலை செய்பவர்கள் உதவித் தொழில் ஆணையாளரும் தொழில் உத்தியோகத்தர்களும். கடை கடையாகப் போய்ப் புத்தகத்தைப் புரட்டுபவர் தொழில் உத்தியோகத்தர். விசாரணைக்கு அழைப்பது உதவி ஆணையாளர் அலுவலகம்.

அமெரிக்கா பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரி. ஆனால் எல்லா மாநிலத்திலும் தேர்தல் இல்லை. வட கரோலினா, ஜோர்ஜியா, ஒக்லஹோமா, ஒரிகன் ஆகிய நான்கில் மட்டும் மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். வட கரோலினாவில் மின்தூக்கிகளைச் சோதிப்பதும் அவர் பொறுப்பு என்பதால், மின்தூக்கிக்குள் ஒட்டிய சான்றிதழில் ஆணையாளரின் படமே இருந்தது. நம்முடைய ஆணையாளர் நாயகத்தின் முகம் பலருக்குத் தெரியாது. ஆனால் தொழிற்சங்கங்களின் பதிவாளரும் அவரே. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிய விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பமும் அவரிடம்தான் போகும்.

காத்தான்குடி வாசகர்: புடைவைக் கடையில் நான்கு வருடமாக வேலை. மாதாமாதம் ஈ.பி.எப். என்று 8 வீதம் கழிக்கிறார்கள். மத்திய வங்கிக் கணக்கில் கடந்த 14 மாதமாக ஒன்றும் விழவில்லை. கேட்டால் ‘கையில் காசாகத் தந்துவிடுகிறேன்’ என்கிறார் முதலாளி. வாங்கலாமா?

வாங்கவேண்டாம். கையில் தந்த காசு ஈ.பி.எப். ஆகாது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி அந்தப் பணம் உங்கள் பெயரில் நிதியத்துக்குப் போனால்தான் முதலாளியின் கடன் தீரும்.

கணக்கைப் பாருங்கள். சம்பளம் 30,000 ரூபா என்றால் உங்களிடம் கழிப்பது 2,400. முதலாளி தன் பங்காகச் சேர்க்கவேண்டியது 12 வீதம், அதாவது 3,600. மாதம் 6,000 ரூபா. 14 மாதத்துக்கு 84,000. ஒரு மாதத்துப் பணம் அடுத்த மாதம் முடிவதற்குள் போய்ச் சேரவேண்டும். பிந்தினால் மிகைக்கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். ஒரு வருடத்தைத் தாண்டினால் 50 வீதம். முதலாளி ‘காசாகத் தருகிறேன்’ என்பதன் காரணம் இதுதான். கடை சாப்பாடு தந்தால் அந்தச் சாப்பாட்டின் பெறுமதியும் கணக்கில் சேரும். ஓவர்டைம் சேராது. இதற்குமேல் முதலாளி தன் பணத்தில் 3 வீதம் ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) கட்டவேண்டும். அது வேறு சபை. அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கவே கூடாது.

முறைப்பாட்டை எழுதும் விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ‘முதலாளி ஈ.பி.எப். கட்டுவதில்லை, நடவடிக்கை எடுக்கவும்’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு உத்தியோகத்தர் எங்கே போவார்? கடையின் பதிவுப் பெயர், சரியான விலாசம், சம்பளத் துண்டில் இருக்கும் முதலாளி இலக்கம், உங்கள் அங்கத்துவ இலக்கம், அடையாள அட்டை இலக்கம், வேலைக்குச் சேர்ந்த திகதி, மாதச் சம்பளம், கட்டாத மாதங்கள் ஒவ்வொன்றும், எல்லாம் இருக்கவேண்டும். பெயர்ப்பலகையில் ஒரு பெயரும் வியாபாரப் பதிவில் இன்னொரு பெயரும் இருப்பது சாதாரணம். இரண்டையும் எழுதுங்கள். சம்பளத் துண்டு தருவதில்லை என்றால் வங்கியில் விழுந்த சம்பளம், வரவுப் பதிவேட்டின் படம், முதலாளி அனுப்பிய வட்ஸ்அப் செய்தி, கூட வேலை செய்தவரின் வாக்குமூலம் எல்லாம் உதவும். கடிதத்தை நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால்.

அதன் பிறகு உத்தியோகத்தர் கடைக்குப் போய்ப் பதிவேடுகளைப் பார்த்து நிலுவையைக் கணக்கிடுவார். அறிவித்தல் போகும். அப்படியும் கட்டாவிட்டால் ஆணையாளரின் சான்றிதழ் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். நிலுவை, தண்டப்பணத்தை அறவிடுவதுபோல் அறவிடப்படும். உங்கள் 8 வீதத்தைக் கழிக்காமலே விட்டிருந்தாலும் முழு 20 வீதமும் முதலாளி தலையில்தான். பழைய மாதங்களுக்காக உங்களிடம் திரும்பக் கழிக்க முடியாது.

முறைப்பாடு செய்தது யார் என்று முதலாளிக்குத் தெரிந்துவிடுமே என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். இலங்கை 1956இல் ஏற்றுக்கொண்ட சர்வதேச தொழிலமைப்பின் 81ஆம் சமவாயம், முறைப்பாட்டால்தான் சோதனைக்கு வந்தோம் என்பதைக்கூட முதலாளியிடம் காட்டக்கூடாது என்கிறது. பெயரை வெளியிடவேண்டாம் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். ஆனால் இரண்டு பேர் மட்டும் வேலை செய்யும் கடையில் இந்தப் பாதுகாப்பு எவ்வளவு தூரம் நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

சம்மாந்துறை வாசகர்: அரிசி ஆலையில் 11 வருடம் நாள் சம்பளத்துக்கு மூட்டை தூக்கினேன். இப்போது முதுகு முடியாது, நின்றுவிட்டேன். ‘நீ கொந்தராத்துக்காரரின் ஆள், உனக்கு ஒன்றுமில்லை’ என்கிறார்கள்.

நாள் சம்பளம், துண்டுக் கூலி, தற்காலிகம் என்று எந்தப் பெயர் வைத்தாலும் ஈ.பி.எப். முதல் நாளிலிருந்தே உண்டு. நீங்கள் யாருடைய ஆள் என்பதைத் தீர்மானிப்பது வாய்ப்பேச்சு அல்ல. வேலை நேரத்தைச் சொன்னது யார், கூலியை எண்ணித் தந்தது யார், வராத நாளில் கேள்வி கேட்டது யார் என்றுதான் விசாரணையில் பார்ப்பார்கள். இவற்றை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

பணிக்கொடை, அதாவது வேலையை விட்டு விலகும்போது முதலாளி தரவேண்டிய மொத்தத் தொகை, வேறு கணக்கு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஐந்து வருடம் முடித்திருக்கவேண்டும். முதலாளியிடம் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்திருக்கவேண்டும். நீங்களாகவே நின்றாலும் உரிமை போகாது. மாதச் சம்பளக்காரருக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். மற்றவர்களுக்கு 14 நாள் கூலி. கடைசியாக வாங்கிய நாள் கூலி 1,500 என்றால் 14 × 1,500 × 11 = 2,31,000 ரூபா. நின்ற 30 நாளுக்குள் தரவேண்டும். ஆலையில் 15 பேருக்குக் குறைவு என்றால் தொழில் அலுவலகத்தில் காத்திருக்காமல், தொழில் வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போங்கள்.

வேலையில்தான் முதுகு பழுதானது என்றால் அந்த நட்டஈடு தொழில் ஆணையாளர் கையில் இல்லை. அதற்கென்று தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர் தனியாக இருக்கிறார்.

பாசிக்குடா வாசகர்: சீசன் முடிந்ததும் ஹோட்டலில் ‘ஏப்ரலில் வாருங்கள்’ என்று 20 பேரை அனுப்பிவிட்டார்கள். கடிதமும் இல்லை, சம்பளமும் இல்லை. நியாய சபைக்குப் போவதா, ஆணையாளரிடம் போவதா?

இம்மாதம் வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இது. ஏனென்றால் இங்கேதான் கதவு மாறித் தட்டுகிறார்கள்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும் என்கிறது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமாக இருக்கவேண்டும். நீங்கள் முந்திய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்திருக்கவேண்டும். ‘தற்காலிகமாக’ வேலை கொடுக்காமல் விடுவதும் இந்தச் சட்டத்தில் நிறுத்தியதாகவே கொள்ளப்படும். வாடைக்காற்று அடிக்கிறது, வெள்ளைக்காரர் வரவில்லை என்பது ஹோட்டலுக்கு உண்மையான கஷ்டம்தான். அதைச் சொல்லி அனுமதி கேட்கவேண்டிய இடம் ஆணையாளர் அலுவலகம். அனுமதி இல்லாமல் நிறுத்தினால் அது செல்லாது. திரும்ப வேலைக்கு எடுக்கவும் சம்பளம் கொடுக்கவும் ஆணையாளர் கட்டளையிடலாம்.

ஆகவே உங்கள் 20 பேருக்கும் ஆணையாளர்தான். ‘களவெடுத்தார்’, ‘சண்டை பிடித்தார்’ என்று ஒழுக்காற்றுக் குற்றம் சொல்லி நிறுத்தப்பட்டவர்தான் நியாய சபைக்குப் போகவேண்டும். அப்படி நிறுத்தினால் இரண்டாவது வேலைநாளுக்குள் காரணத்தை எழுத்தில் தருவதும் முதலாளியின் கடமை. நியாய சபை விண்ணப்பத்துக்கு ஆறு மாதம்தான் காலம். பிழையான இடத்தில் ஏழு மாதம் நடந்துவிட்டு வருபவர்கள் இந்த எல்லையில் விழுகிறார்கள். ஆணையாளரிடம் போவதென்றாலும் அந்த ஆறு மாதத்தைத் தாண்டவிடாதீர்கள்.

வேலைக்குச் சேரும்போது நீங்கள் கையொப்பமிட்ட தாளை முதலில் தேடி எடுங்கள். அதில் முடிவுத் திகதி எழுதியிருந்தால் ஹோட்டல் அதைத்தான் முன்னால் நீட்டும்.

கல்முனை வாசகர்: மகன் கட்டாரில் சம்பளம் இல்லாமல் நிற்கிறார். தொழில் ஆணையாளர் உதவுவாரா?

மாட்டார். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்குப் போங்கள். தொலைபேசி 1989. மகனின் கடவுச்சீட்டுப் பிரதியும் ஒப்பந்தமும் கையில் இருக்கட்டும்.

அக்கரைப்பற்று வாசகர்: நான் முதலாளி. சின்ன பேக்கரி, இரண்டு பையன்கள். இவ்வளவுக்கும் ஈ.பி.எப். பதிவு வேண்டுமா?

ஒருவர் இருந்தாலே வேண்டும். முதல் ஆளை எடுத்து 14 நாளுக்குள் டி படிவம் கொடுத்துப் பதியவேண்டும். குடும்பத்தவர் மட்டும் வேலை செய்தால்தான் விலக்கு. மனைவியின் தம்பி என்று சொல்லித் தப்பப் பார்ப்பதை உத்தியோகத்தர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். 2026 ஜனவரியிலிருந்து ஆகக் குறைந்த சம்பளம் மாதம் 30,000, நாள் 1,200. ஒருவருக்கு அதற்குமேல் நீங்கள் ஒதுக்கவேண்டியது ஈ.பி.எப். 3,600உம் ஈ.டி.எப். 900உம், ஆக 4,500 ரூபா. ‘பையன்கள்’ என்கிறீர்கள்; 2021இலிருந்து வேலைக்கான ஆகக் குறைந்த வயது 16. பேக்கரி அடுப்படியில் 18க்குக் குறைந்தவரை நிறுத்துவதற்கு முன் ஆபத்தான வேலைகளின் பட்டியலைத் தொழில் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

அம்பாறை மாவட்ட வாசகர்: விசாரணைக் கடிதம் சிங்களத்தில் வந்தது. திகதி விளங்காமல் தவறவிட்டுவிட்டேன். வாக்குமூலமும் சிங்களத்தில்தான் எழுதினார்கள்.

அரசியலமைப்பின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி. அம்பாறைக்கும் அது பொருந்தும். முறைப்பாட்டின் மேல்மூலையிலேயே ‘எனது தொடர்பு மொழி தமிழ்’ என்று எழுதுங்கள். தவறிய திகதிக்கு, கோப்பு இலக்கத்தைக் குறிப்பிட்டு, மொழி விளங்காததே காரணம் என்று உடனே பதிவுத் தபாலில் எழுதி வேறு திகதி கேளுங்கள். கிழமைகள் கழித்தால் முறைப்பாட்டில் உங்களுக்கு அக்கறையில்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள். வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பின்னரே ஒப்பமிடுங்கள். ‘எல்லாக் கொடுப்பனவையும் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரி இருக்கிறதா என்று முக்கியமாகப் பாருங்கள். முதலாளி நீட்டும் சமரசத் தாள்களில் அது பெரும்பாலும் கடைசி வரிக்கு முந்திய வரியில் இருக்கும்.