கால்பந்தில் கோல் கொடுத்த ரெஃப்ரி, லைன்ஸ்மேனிடம் (ஓரக்கோட்டில் கொடியோடு நிற்கும் உதவி ரெஃப்ரி) பேசிவிட்டு அதை ரத்து செய்யலாமா?

செய்யலாம். கிருஷ்ணகிரி பக்கம் ஊர் டோர்னமென்ட்டில் ரெஃப்ரி அப்படி ஒரு கோலை ரத்து செய்ததை நீங்கள் பார்த்தீர்களே, அது விதிப்படி சரிதான். ஆனால் ஆட்டம் மறுபடி தொடங்கியிருக்கக் கூடாது. கால்பந்து விதிகளில் ரெஃப்ரியைப் பற்றிய 5-ஆம் விதி அப்படித்தான் சொல்கிறது. கோலுக்குப் பின் நடுவிலிருந்து கிக்-ஆஃப் அடித்துவிட்டால் கோல் கோல்தான், தப்பு என்று ரெஃப்ரிக்கே தெரிந்தாலும்.

அதனால் பந்து வலைக்குள் போனதும் ரெஃப்ரி முதலில் லைன்ஸ்மேனைப் பார்க்க வேண்டும். கோல் சரியென்றால் லைன்ஸ்மேன் நடுக்கோட்டை நோக்கி ஓடுவார். ஆஃப்சைடு (பாஸ் வரும் நொடியில் பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி கோல் பக்கம் நிற்பது) என்றால் கொடியைத் தூக்கிப் பிடித்து நின்ற இடத்திலேயே நிற்பார். இதைக் கவனிக்காமல் கிக்-ஆஃப் கொடுத்துவிடுவதுதான் நம்மூர் மேட்ச்களில் வழக்கமான சொதப்பல்.

பேசுவதற்கு முன் இரண்டு டீமையும் தள்ளி நிறுத்த வேண்டும். பிறகு கேட்க வேண்டியது: பாஸ் கொடுத்தது யார், அந்த நொடியில் கோல் அடித்தவர் எங்கே நின்றார்? லைன்ஸ்மேன் தகவல்தான் சொல்கிறார், முடிவு ரெஃப்ரியுடையது. ஆஃப்சைடுக்காகக் கோல் ரத்தானால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேராக அடித்தால் கோல் ஆகாத ஃப்ரீ கிக்).

கார்டு விஷயம் வேறு. அடிதடியைப் பார்த்து லைன்ஸ்மேன் முன்பே கொடி தூக்கியும் ரெஃப்ரி கவனிக்காமல் ஆட்டம் தொடங்கிவிட்டால், அதன் பிறகும் கார்டு காட்டலாம். அந்தத் தப்புக்கு ஃப்ரீ கிக்கோ பெனால்டியோ மட்டும் கிடையாது.