இரை எடுக்காத பாம்பு: பெங்களூரு வளர்ப்பாளர்களின் கேள்விகளும் பதில்களும்

கேட்கும் முன் மூன்று விஷயம் எழுதுங்கள்: பாம்பின் எடை கிராமில், சூடான பக்கத்துத் தரையின் வெப்பம், கடைசியாக இரை எடுத்த தேதி. "ரொம்ப நாளா சாப்பிடலை" என்பதை வைத்து எந்தப் பதிலும் சொல்ல முடியாது.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்: அக்கா, ஆண் பால் பைத்தான் (ball python, மலைப்பாம்பு வகை), மூணு வயசு. நவம்பர் 10-க்கு அப்புறம் எலியைத் தொடவே இல்லை, ஒன்பது வாரம் ஆச்சு. அப்போ 1,420 கிராம், இன்னிக்கு 1,385. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை காட்டுறேன், முகத்தைத் திருப்பிக்குது.

35 கிராம் குறைந்திருக்கிறது, இரண்டரை சதவீதம். ஒன்பது வாரத்துக்கு இது பயப்படும் கணக்கே இல்லை. ஒரு தடவை நன்றாகக் கழிந்தாலே அவ்வளவு போய்விடும். வளர்ந்த ஆண் பால் பைத்தான் குளிர் மாதங்களில் இணை தேடும் நினைப்பில் இரண்டு மூன்று மாதம், சில சமயம் அதற்கும் மேல், இரையை மறந்துவிடும். உங்களுக்கான கோடு 1,278 கிராம், அதாவது பத்து சதவீத இழப்பு. அதைத் தொட்டால் மருத்துவரிடம் போங்கள்.

உடனே நிறுத்த வேண்டியது அந்த இரண்டு நாள் கணக்கைத்தான். மூக்குக்கு முன்னால் ஓயாமல் எலி ஆடினால் பாம்பு அதைத் தொந்தரவாகவே பார்க்கப் பழகிவிடும். பதினான்கு நாளுக்கு ஒரு முறை, விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துக் காட்டுங்கள். பதினைந்து நிமிடத்தில் எடுக்காவிட்டால் எலி குப்பைக்கு. திரும்ப உறையவைக்காதீர்கள். எடை பார்ப்பது வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில்: மூடியுள்ள டப்பாவைச் சமையலறைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கிவிட்டுப் பாம்பை உள்ளே விடுங்கள். தண்ணீர் மட்டும் தினமும் புதிதாக இருக்கட்டும்.

அதே நபர்: தெர்மோஸ்டாட் 32 காட்டுதே அக்கா, அப்போ சூடு சரிதானே?

தம்பி, 32 இருப்பது சென்சார் இருக்கும் இடத்தில். சென்சார் காற்றில் தொங்கினால் அது காற்றின் கணக்கு; பாம்பு வயிற்றை வைக்கும் தரை 27-ஆகவும் இருக்கலாம், 40-ஆகவும் இருக்கலாம். சென்சாரை ஹீட் மேட்டுக்கும் (தொட்டிக்கு அடியில் சூடு தரும் விரிப்பு) தொட்டியின் அடிப்பக்கத்துக்கும் நடுவில் நகராமல் ஒட்டுங்கள். பிறகு தொடாமல் வெப்பம் அளக்கும் இன்ஃப்ராரெட் கன்னால் தரையின் சூட்டை அளந்து பாருங்கள். பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. தேங்காய் நார்த் தூளை நான்கு அங்குலம் கொட்டி வைத்திருந்தால் கீழிருக்கும் சூடு மேலே ஏறவே ஏறாது. மேட் இருக்கும் பக்கம் ஒரு அங்குலம் போதும்.

பெங்களூரில் ஜனவரி ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கும். தொட்டி கடப்பா கல் அலமாரியில் இருந்தால் கல் அத்தனை சூட்டையும் உறிஞ்சிவிடும். மரப் பலகைக்கு மாற்றுங்கள். தரை சரியாக இருந்தும் காற்று குளிர்ந்தால் மேலே ஒரு செராமிக் ஹீட்டர் வேண்டும். அதற்குத் தனி தெர்மோஸ்டாட்டும், பாம்பு ஏறித் தொட முடியாதபடி கம்பிக் கூண்டும் கட்டாயம். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் பதிந்து வைக்கும் டிஜிட்டல் மீட்டர் ஒன்றை உள்ளே வையுங்கள். விடியற்காலை நாலு மணிக்கு என்ன நடக்கிறது என்று அதுதான் சொல்லும்.

ஜே.பி. நகர்: மேடம், பால் பைத்தான் குட்டி, 70 கிராம். வாங்கி மூணு வாரம், ஒரு தடவைகூடச் சாப்பிடல. மூணு அடி கண்ணாடித் தொட்டி, ஒரு மண்சட்டி உடைச்சு வெச்சிருக்கோம். தரை 32. பசங்க தினமும் கையில எடுப்பாங்க.

கடைசி வரியில் பாதிப் பதில் இருக்கிறது. பால் பைத்தான் பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். 'பால்' என்ற பெயரே அந்தப் பந்தால் வந்தது, குடிக்கிற பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாலு பக்கமும் கண்ணாடி, எப்போதும் ஆள் நடமாட்டம் என்றிருந்தால் குட்டி இரை தேடாது, ஒளிய இடம்தான் தேடும்.

மூன்று பக்கக் கண்ணாடிக்கும் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டுங்கள். ஒரே மாதிரி இரண்டு ஒளியிடம், சூட்டில் ஒன்று, குளிரில் ஒன்று. உள்ளே சுருண்டால் உடம்பு மூன்று பக்கமும் உரச வேண்டும், வாசல் தலை நுழையும் அளவு. சட்டி இந்தக் குட்டிக்கு மண்டபம். சின்னத் தயிர் டப்பாவைக் கவிழ்த்து, ஓரத்தில் வெட்டி, வெட்டிய விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கினால் போதும். மீதி இடத்தைக் கசக்கிய செய்தித்தாளால் நிரப்புங்கள். ஏழு நாள் யாரும் தொடக் கூடாது. எட்டாம் நாள் ராத்திரி 7 முதல் 10 கிராம் சுண்டெலி ஒன்று. விற்றவரிடம் அது என்ன சாப்பிட்டுப் பழகியது, உயிருள்ளதா உறைந்ததா, சுண்டெலியா எலிக் குட்டியா என்று கேட்டு, முதலில் அதையே கொடுங்கள். குட்டிக்கு வளர்ந்த பாம்பின் அவகாசம் கிடையாது. இன்னும் இரண்டு வாரம் போயும் எடுக்கவில்லை என்றால், அல்லது எடை 63-க்கு இறங்கினால், காத்திருக்காதீர்கள்.

மல்லேஸ்வரம்: உயிருள்ள எலியை மட்டும்தான் பிடிக்குது. ஃப்ரீசர் எலியைக் காட்டினா நாக்கை நீட்டிப் பார்த்துட்டுப் போயிடுது.

பெரும்பாலும் எலி உள்ளே இன்னும் பனிக்கட்டியாக இருக்கும், அல்லது தலை குளிர்ந்திருக்கும். முந்தைய ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மூடிய தனி டப்பாவில். இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், சால்மோனெல்லா கிருமி விளையாட்டல்ல. கொடுக்கும் முன் ஜிப் பையில் போட்டு 40 டிகிரித் தண்ணீரில் இருபது முப்பது நிமிடம், நடுவில் தண்ணீரை மாற்றி. வயிற்றை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள்: நடுவில் கல் மாதிரி தட்டினால் இன்னும் ஆகவில்லை. கொதிநீரும் மைக்ரோவேவும் கூடாது, வயிறு வெடித்துவிடும்.

கடைசியாகத் தலையை மட்டும் ஹேர் டிரையரில் காட்டி 38, 39 டிகிரி வரவையுங்கள். பால் பைத்தான் உதட்டோரக் குழிகளால் வெப்பத்தை உணரும். அதற்குத் தெரிய வேண்டியது சூடான தலை. நீள இடுக்கியால் முதுகுத் தோலைப் பிடித்து, தலை முன்னால் இருக்கும்படி, தரையை ஒட்டி ரெண்டு எட்டு நடத்தி நிறுத்துங்கள். முகத்தில் இடிக்க வேண்டாம். கவ்விச் சுற்றியதும் வாலை மெல்ல ஒருமுறை இழுத்தால், உயிர் இருக்கிறதென்று நினைத்து இறுக்கும். அப்படியும் மறுத்தால் ஒளியிடத்தின் வாசலில் ராத்திரி வைத்துவிட்டு, காலையில் இருந்தால் எறியுங்கள். பழக நாலைந்து முயற்சி ஆகலாம். உயிருள்ள எலியைத் தொட்டியில் விட்டுவிட்டுத் தூங்கப் போவதை மட்டும் இன்றோடு விடுங்கள்; பசித்த எலி பாம்பின் முதுகை எலும்பு தெரியக் கடித்துவிடும்.

இந்திராநகர்: கார்ன் ஸ்நேக், 310 கிராம். ஞாயிறு எலி எடுத்தது, திங்கள் நண்பர்கள் தூக்கிப் பார்த்தாங்க, செவ்வாய் கக்கிடுச்சு. மறுபடி குடுக்கலாமா?

கூடாது. கக்கும்போது வயிற்று அமிலமும் சேர்ந்து வந்து உணவுக்குழாயைப் புண்ணாக்கியிருக்கும். பத்துப் பதினான்கு நாள் தண்ணீர் மட்டும். அதற்குப் பிறகு வழக்கமான அளவில் பாதி எலி, அது ஜீரணமாகிக் கழிந்த பின் இன்னொரு பாதி, அப்புறம்தான் முழு அளவு. இரை எடுத்து 48 மணி நேரம் கைபடக் கூடாது. சூடான பக்கம் 29 முதல் 31 இருக்கிறதா பாருங்கள். சூடில்லாவிட்டால் எலி வயிற்றிலேயே அழுகி வெளியே வரும். இரண்டாம் முறை கக்கினாலோ, இரையே இல்லாதபோது உடம்பின் நடுவில் வீக்கம் தெரிந்தாலோ கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி மேல் சந்தேகம். கழிவு மாதிரியோடு மருத்துவரிடம். வீட்டில் வேறு பாம்பிருந்தால் இடுக்கி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் தனித்தனி.

ராஜாஜிநகர்: வீடியோ பார்த்து வாயைத் திறந்து ஊட்டலாம்னு இருக்கேன். முட்டை, பால் எது நல்லது?

இரண்டும் வேண்டாம், ஊட்டவும் வேண்டாம். பாம்புக்குப் பால் ஜீரணமாகாது. நாக பஞ்சமியில் குடிப்பது தாகத்தில் தவிக்கவிட்ட பாம்பு. பழகாத கை வாயைத் திறந்தால் பல் உடையும், வாய் புண்ணாகும், உணவு மூச்சுக்குழாயில் போகும்.

பானஸ்வாடி: கண்ணு நீலம் பாரிச்சிருக்கு, சாப்பிடல.

சட்டை உரிக்கப் போகிறது. உரித்து இரண்டு நாள் கழித்துக் கொடுங்கள். பால் பைத்தான் என்றால் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல். உரித்த சட்டையில் கண்களை மூடியிருந்த மெல்லிய தோல் இரண்டும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நகத்தால் நோண்டாதீர்கள், மருத்துவர் எடுக்கட்டும்.

ஒயிட்ஃபீல்ட்: எப்போ அவசரம்?

வாயோரத்தில் நுரை, திறந்த வாயோடு தலையைத் தூக்கி மூச்சு, மூச்சில் விசில் சத்தம், ஈறில் தயிர் மாதிரிப் படிவு, மல்லாந்து கிடந்து நிமிர முடியாமை. இதில் ஒன்று இருந்தாலும் அன்றே. தண்ணீர்க் கிண்ணத்தில் கசகசா அளவில் கறுப்புப் புள்ளிகள் மிதந்தால் உண்ணி. அதுவும் பசியைக் கெடுக்கும். நாய், பூனைக்குத் தெளிக்கும் மருந்தை நீங்களாக அடிக்காதீர்கள்.

கே.ஆர். புரம்: காலி மனையில கிடைச்ச மண்ணுளிப் பாம்பு, பத்து நாளா பக்கெட்ல இருக்கு, எதுவும் தின்னல.

அதை வைத்திருப்பதே குற்றம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வளர்க்க முடியாது. இன்றே வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதிர்ஷ்டம் கொண்டுவரும் என்று யாராவது பணத்தோடு வந்தால் கதவைச் சாத்துங்கள். பால் பைத்தான் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள்: அது சைட்டீஸ் (CITES, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள இனம், 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

ஜே.பி. நகர்: மேடம், நேத்து ராத்திரி டப்பாக்குள்ள இருந்தே சுண்டெலியை இழுத்துக்கிச்சு! இன்னிக்கு இன்னொண்ணு வைக்கட்டுமா?

வேண்டாம். ஏழாம் நாள், அதே அளவு, அதே நேரம். டப்பாவைத் தூக்கிப் பார்க்காதீர்கள். எடை மூன்று நாள் கழித்து.