இரண்டே முக்கால் கிலோ ஏலக்காயைப் பின்னக் கணக்கில் பிரிப்பது எப்படி?

குமுளியிலிருந்து வாங்கி வந்த இரண்டே முக்கால் கிலோ ஏலக்காயைக் கம்பத்தில் 3/8 கிலோ பாக்கெட்டுகளாகப் போட்டால் எத்தனை வரும் என்றும், ஆன்லைன் கால்குலேட்டர் 2.03125 என்று காட்டுவது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கால்குலேட்டரில் பிழையில்லை. நீங்கள் 2+3/4/3/8 என்று அடைப்புக்குறி இல்லாமல் தட்டியதால், அது முக்காலை மட்டும் எடுத்து, முதலில் 3 ஆலும் பிறகு 8 ஆலும் வகுத்து, கடைசியில் 2ஐக் கூட்டியிருக்கிறது. (2+3/4)/(3/8) என்று தட்டுங்கள், 7.3333 என்று வரும். முழு எண், தொகுதி, பகுதி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் உள்ள பின்னக் கால்குலேட்டராக இருந்தால் அடைப்புக்குறியே தேவைப்படாது; விடையும் 7 1/3 என்று பின்னமாகவே கிடைக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

பலர் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். 7 முழு பாக்கெட்டுகள் போக மீதமுள்ள 1/3 என்பது கிலோவில் மூன்றில் ஒரு பங்கு அன்று, ஒரு பாக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே அதை 3/8 ஆல் பெருக்க வேண்டும். 1/8 கிலோ, அதாவது 125 கிராம் மிஞ்சும். 1/3 என்பதற்குப் பதிலாக 0.33 என்று சுருக்கித் தட்டினால் 123.75 கிராம் என்றுதான் காட்டும். ஏலக்காய் விற்கும் விலையில் அந்த ஒன்றேகால் கிராமையும் விட மனம் வராது.

விடையைச் சரிபார்க்க நம் பழைய பெயர்களே போதும்: 3/8 என்பது காலே அரைக்கால், மிஞ்சிய 1/8 வெறும் அரைக்கால். ஏழு காலே அரைக்காலோடு இந்த அரைக்காலையும் கூட்டினால் இரண்டே முக்கால் வந்துவிடும்.